கிராண்டில் பெயர் இல்லாதவர்கள்

நிலச் சட்டப் பாடநூல் எது கைக்கு வந்தாலும் நான் அதைப் பின்பக்கமிருந்துதான் திறப்பேன். கடைசியில் இருக்கும் சொல்லடைவில் தோட்டம், தொழிலாளர் வீடு, உரிமம் ஆகியவற்றைத் தேடுவேன். அவற்றுக்கு நேரே எத்தனை பக்க எண்கள் இருக்கின்றன என்று பார்ப்பேன். அணிந்துரை, வழக்குப் பட்டியல், ஆசிரியர் குறிப்பு எல்லாம் அப்புறம்தான்.

கோலாலம்பூரில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நிலச் சட்டம் நடத்துகிறேன். பாடநூல் தேர்வுக் குழுவிலும் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் எங்களுக்கு ஒரு படிவம் தருவார்கள். புதிய தீர்ப்புகள் சேர்ந்திருக்கின்றனவா, மொழி மாணவருக்குப் புரியுமா, விலை தாங்குமா, நூலகத்தில் எத்தனை பிரதி வாங்கலாம் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும். நேர்மையாகவே நிரப்புவேன். ஆனால் என் சொந்தச் சோதனைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. சக ஆசிரியர்களிடம் அதைப் பற்றிப் பேசியதும் கிடையாது. பேசினால், இது ஆராய்ச்சி இல்லை, உங்கள் சொந்தக் கதை என்பார்கள். சொந்தக் கதைதான். பணி ஓய்வு நெருங்குகிற நேரத்தில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஆலையில், இலை வாட்டும் பகுதியில் இரவு வேலை. பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் லயம் அது. கதவில் வெள்ளைப் பெயின்டில் எண். பின்புறம் அம்மா போட்ட சௌசௌ கொடி, ஒரு கோழிக்கூடு, விறகு அடுக்க அப்பா அடித்த தகரக் கொட்டகை. குளிரில் சௌசௌ செழித்துக் காய்க்கும். தானா ராத்தா சந்தைக்குக்கூட அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறார்.

சட்டக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தேசிய நிலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்தேன். நிலம் என்றால் மண் மட்டும் இல்லை, அதன்மேல் வளரும் செடிகொடிகளும் அதில் நிலையாக இணைத்துக் கட்டியவையும் நிலம்தான் என்கிறது அந்தப் பிரிவு. வகுப்பில் பேராசிரியர் ரப்பர் மரம், எண்ணெய்ப் பனை என்று உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அம்மாவின் சௌசௌ கொடிதான் கண்ணில் நின்றது. சட்டப்படி அதுவும் தோட்டத்துக்காரருடையது. அப்பாவின் தகரக் கொட்டகையைப் பற்றி வேண்டுமானால் வாதாடலாம்.

அப்போது எங்களிடம் இருந்த புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூலகத்தில் இங்கிலாந்துப் புத்தகங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. 1957-ல் முதலில் வந்த மெகாரியும் வேடும் எழுதிய தடித்த நூல், செஷையர் எழுதியது, 1980-களில் வந்த கெவின் கிரே. அருமையான புத்தகங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1925-ல் இங்கிலாந்து தன் நிலச் சட்டத்தை எப்படிச் சீர்திருத்தியது என்பதை விளக்குவதற்காக எழுதப்பட்டவை. நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 6-ஆம் பிரிவோ, இங்கிலாந்தின் நில உரிமைச் சட்டம் எதுவும் இங்கே நுழையாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 1984-ல் கோத்தா திங்கி நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது: நிலவரி கட்டாமல் பறிபோன நிலத்தை மீட்க இங்கிலாந்தின் நியாய நெறியைத் துணைக்கு அழைக்க முடியாது, தேசிய நிலச் சட்டம் தன்னளவில் முழுமையான தொகுப்பு என்றது. இவ்வளவும் தெரிந்திருந்தும் தேர்வுக்கு முந்தைய இரவு எல்லாரும் விழுந்து விழுந்து படித்தது இங்கிலாந்துப் புத்தகத்தைத்தான். காரணம் எளிது. அவை நன்றாக எழுதப்பட்டிருந்தன.

நம் சட்டத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டோரன்ஸ் 1858-ல் கொண்டுவந்த பதிவுமுறை அது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்ட வேண்டியதில்லை. 1966 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா முழுவதற்கும் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதைத் தெளிவாகச் சொல்லும் உள்ளூர் நூல்கள் அன்றும் இருந்தன. டேவிட் வோங் 1975-ல் எழுதிய நூல் மலாய் நாடுகளின் நில வரலாற்றுக்கு இன்றும் முதன்மையானது. 1984-ல் நம்மவர் விசு சின்னத்துரை நில விற்பனை பற்றி எழுதினார். தியோ கியாங் சூட், காவ் லேக் தீ இருவரும் சேர்ந்து தீர்ப்புகளையும் விளக்கத்தையும் ஒரே கட்டாகத் தொகுத்த நூல் 1987-ல் வந்தது. அந்த நூல் இல்லாவிட்டால் என் தலைமுறையில் பாதிப்பேர் தேறியிருக்க மாட்டோம்.

டேவிட் வோங்கைப் படிக்கும்போது ஒரு குறும்பு யோசனை வரும். ஆங்கிலேயர் வருவதற்கு முன் மலாய் நாடுகளில், காட்டைத் திருத்திப் பயிர் வைத்தவனுக்கே நிலம் என்ற வழக்கம் இருந்தது. பயிர் இருக்கும்வரை உரிமை இருக்கும்; காடு மூடிவிட்டால் உரிமையும் போய்விடும். அந்த வழக்கம் தொடர்ந்திருந்தால், 1930-களில் கேமரன் மலைச் சரிவுகளை வெட்டித் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று என்ன கிடைத்திருக்கும்? அவர்களுக்கும் முன்னால் அங்கே இருந்த செமாய் பூர்வகுடி மக்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? நல்ல தேர்வுக் கேள்வி. இதுவரை வினாத்தாளில் போடத் துணிந்ததில்லை.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தது. அன்று அதுதான் ஓய்வு வயது. சேமநிதிப் பணம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கூடவே இன்னொரு கடிதமும் வரும் என்பதும் தெரியும், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். வீட்டைக் காலிசெய்து தரச் சொல்லும் கடிதம். மலாயில், மரியாதையாக, அரைப் பக்கம். அம்மா அதை மைலோ டின்னில், எங்கள் பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் வைத்துவிட்டார். விடுமுறைக்குப் போனபோது எடுத்து நீட்டினார்.

"நீ சட்டம்தானே படிக்கிற? ஒம் புஸ்தகத்துல இதுக்கு என்னா போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

கோலாலம்பூர் திரும்பியதும் முதல் வேலையாகத் தேடினேன். போட்டிருந்தது. வேலையின் பொருட்டு முதலாளி வீட்டில் குடியிருப்பவர் வாடகைதாரர் அல்ல, வெறும் உரிமம் பெற்றவர். வேலை முடிந்தால் உரிமமும் முடியும். ஏறக்குறைய ஒரு வரி. அடிக்குறிப்பில் ஓர் ஆங்கில வழக்கு. அடுத்த பத்தி கடை வாடகை, குத்தகைப் பதிவு என்று போய்விட்டது. வேறொரு நூலில் அதே வரி வேறு சொற்களில் இருந்தது. மூன்றாவது நூலில் அதுவும் இல்லை.

புத்தகம் பொய் சொல்லவில்லை. சட்டம் அதுதான். 1985-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்டு வழக்கில் வாடகைக்கும் உரிமத்துக்கும் கோடு கிழித்தபோதுகூட, வேலைக்காகக் குடியிருப்பவரை அந்தக் கோட்டுக்கு வெளியேதான் வைத்தது. என் குறை சட்டத்தின் மேல் இல்லை, அதை ஒரு வரியில் முடித்ததன் மேல். நாட்டின் ரப்பரையும் தேயிலையையும் எண்ணெய்ப் பனையையும் வளர்த்த லட்சக்கணக்கானவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஒரு வரிக்குள் குடியிருந்திருக்கிறார்கள். அதே நூலில், பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவர் மற்றொருவரை ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு அத்தியாயம்.

வீடு எப்படித் தங்கியது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லித் தராது. அண்ணன் அப்போது ஈப்போவில் ஏசி, பிரிட்ஜ் பழுதுபார்க்கும் பயிற்சியில் இருந்தார். அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அப்பா நின்ற அதே பகுதியில் ஆளாகப் பதிந்தார். வீட்டு எண் அவர் பெயருக்கு மாறியது. லயத்து வீட்டுக்கு வாரிசுரிமை கிடையாது. ஆனால் வேலைக்கு ஒரு வாரிசு கிடைத்தால் வீடு தங்கும். எங்கள் வரிசையில் பல வீடுகளில் இப்படித்தான் நடந்தது. படிப்பில் சுமாரான ஒரு பிள்ளை எல்லா வீட்டிலும் இருந்தது. இல்லாத வீட்டில் படிக்கிற பிள்ளையே நின்றது. அண்ணனிடம் இதைப் பற்றி நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

சொத்துச் சட்டம் என்பது மனிதருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இல்லை, பொருளை முன்னிட்டு மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவு என்று முதல் வகுப்பில் எல்லா ஆசிரியர்களும் சொல்வோம். நானும் சொல்கிறேன். சொல்லிவிட்டுக் கையில் கொடுக்கிற புத்தகம் அதைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

அண்மைத் தீர்ப்புகள் பற்றிய கட்டத்தை நான் அலட்சியப்படுத்துகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. நிலச் சட்டத்தில் பழைய பதிப்பு ஆபத்தானது. பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்குப் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் நிலம் இருந்தது. அவர் பெயரில் யாரோ கையெழுத்துப் போட்டு அதை அடோர்னா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் மோசடிக் கையெழுத்தானாலும் அவருக்கே நிலம் என்றது. தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவை இப்படிப் படிக்கலாமா என்று நாடே அதிர்ந்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அது சட்டமாக நின்றது. 2010 ஜனவரியில் தான் யிங் ஹோங் வழக்கில்தான் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. அந்த நிலம் எங்கள் பகாங்கில், குவாந்தானில் இருந்தது. 2010-க்கு முந்தைய பதிப்பை மலிவு விலைக்கு வாங்கிப் படித்த மாணவர், தலைகீழான சட்டத்தைத் தேர்வில் எழுதிவிட்டு வருவார். சட்டத்தொகுப்பே 2020-ல் திருத்தி அச்சிடப்பட்டு 828-ஆவது சட்டம் என்று புதிய எண் பெற்றது. ஆகவே பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் நூலைச் சிபாரிசு செய்கிறவர் ஆசிரியரே அல்ல.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. அடோர்னா பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளை மட்டும் அடுக்கினால் ஓர் அலமாரி நிரம்பும். கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், பெயர் இருந்தவர் அதை இழந்தால் அத்தனை மை செலவாகிறது. பெயரே ஏறாதவர்களுக்கு எவ்வளவு மை?

இதைப் பேசும் பாடநூல் எங்கே என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஓர் அமெரிக்க நூல். டுக்மினியரும் கிரியரும் எழுதி 1981-ல் முதலில் வந்த, சொத்து என்ற ஒற்றைச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட தீர்ப்புத் தொகுப்பு. அங்கே சட்டம் படிப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் வருவார்கள். நம் சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. பாடநூலாக வைக்க முடியாது. ஆனால் அது தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். 1823-ஆம் ஆண்டு ஜான்சன் எதிர் மெகின்டாஷ் வழக்கு: செவ்விந்தியரிடம் நேரடியாக நிலம் வாங்கியவருக்கு அது செல்லாது, வெள்ளையர் அரசு வழியாக வந்த பட்டாதான் செல்லும் என்ற தீர்ப்பு. நாட்டின் எல்லாக் கிராண்டுகளும் எதன்மேல் நிற்கின்றன என்பதை முதல் நாளே மாணவர் தலையில் போட்டுவிடுகிறார்கள். பிறகுதான் நரியைத் துரத்தியவனுக்கா பிடித்தவனுக்கா உரிமை என்ற 1805-ஆம் ஆண்டு வேட்டை வழக்கெல்லாம்.

அந்த நூலில்தான் ஸ்டேட் எதிர் ஷாக் வழக்கை முதலில் படித்தேன். நியூ ஜெர்சியில் டெடெஸ்கோ என்ற பண்ணைக்காரர். பருவத்துக்கு வந்து வேலை செய்யும் கூலியாட்களைத் தன் பண்ணையிலேயே கொட்டகை போட்டுத் தங்கவைத்திருந்தார். காயம்பட்ட ஒரு தொழிலாளிக்குப் போட்டிருந்த 28 தையல்களைப் பிரிப்பதற்காக ஏழைகளுக்கு உதவும் அமைப்பின் ஊழியர் ஒருவரும், இன்னொரு தொழிலாளிக்குச் சட்ட ஆலோசனை சொல்ல ஷாக் என்ற வழக்கறிஞரும் பண்ணைக்குள் போனார்கள். என் ஆபீசில், என் கண்முன்னே பேசுங்கள் என்றார் டெடெஸ்கோ. அவர்கள் மறுத்தார்கள். போலீஸ் வந்தது, அத்துமீறல் குற்றம் என்று தண்டனை. 1971-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. நிலத்தின் மேல் உரிமை இருப்பதால் அதில் வாழும் மனிதர்களின் தலைவிதியின் மேலும் உரிமை வந்துவிடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து முகப்பில் இருந்த தடைக்கம்பம் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில், வெளியிலிருந்து யார் வந்தாலும் காவல்காரர் பெயர் எழுதிவிட்டுத்தான் விடுவார். தொழிற்சங்கத்து ஆட்கள் வந்தால் கிராணியாருக்கு முதலில் சேதி போகும். எங்கள் தாய்மாமா தீபாவளிக்கு வந்தபோதுகூட அந்தக் கம்பத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார். அது சொத்துச் சட்டத்தின் மையக் கேள்வி என்று சொல்ல நான் ஒரு நியூ ஜெர்சிப் பண்ணைக்காரரைப் படிக்க வேண்டியிருந்தது.

வகுப்பில் அந்த வழக்கை நடத்திய முதல் வருடம் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். அதுவரை வாயே திறக்காதவன்.

"மேடம், எங்க பாட்டி இன்னும் ரிங்லெட் பக்கம் லயத்துலதான் இருக்காங்க. அது டெனன்சியா, லைசன்ஸா?"

பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிட்டதே என்ற கூச்சம் அவன் முகத்தில் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. என் காலத்தில் நான் முகவரிக் கட்டத்தில் தோட்டத்துப் பெயரை எழுதாமல் தானா ராத்தா அஞ்சல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவள். இந்தப் பையன் வகுப்பு நடுவே கேட்டுவிட்டான். அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்தி, அவன் கேள்வியை எடுத்துக்கொண்டோம். வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? சம்பளத்தில் வீட்டுக்கென்று பிடித்தம் உண்டா? பாட்டி வேலையில் இல்லை என்றால் யார் பெயரில் வீடு இருக்கிறது? 1990-ல் வந்த தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை? அது தண்ணீர், மின்சாரம், குழந்தைகள் காப்பகம் என்று வீட்டின் தரத்தைப் பேசும். எத்தனை வருடம் இருந்தால் வீடு உனக்கு என்று பேசாது. நிலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவையும் எடுத்துப் பார்த்தோம். விவசாய நிலத்தில் எவ்வகைக் கட்டடங்கள் இருக்கலாம் என்று சொல்லும் பிரிவு அது. வேலையாட்களுக்கான வீடு அதில் அனுமதிக்கப்பட்ட ஒன்று. ஆக லயம் சட்டத்தில் இருக்கிறது, நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையாக. உள்ளே இருக்கும் பாட்டிதான் இல்லை.

அதற்குப் பிறகுதான் என் சோதனை இன்னும் தெளிவானது. இப்போது புதிய நூல் வந்தால், மனத்துக்குள் அதை எடுத்துக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவேன். அந்த ஒரே சாலையில் மலேசிய நிலச் சட்டம் முழுவதும் வரிசையாக நிற்கிறது. பாதி வழியில் பேராக் முடிந்து பகாங் தொடங்குகிறது: நிலம் மாநில அதிகாரம், ஆனால் சட்டம் நாடாளுமன்றம் செய்தது, அது ஏன் என்று நூல் சொல்ல வேண்டும். ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை: பொதுத் தேவைக்கு நிலம் எடுப்பது. பிறகு தேயிலைச் சரிவுகள்: அரசு தனியாருக்கு நீண்ட காலத்துக்குக் கொடுக்கும் நிலமும் அதன்மேல் விதிக்கும் நிபந்தனைகளும். தானா ராத்தாவில் நில அலுவலகம்: பதிவேடு. பிரிஞ்சாங்கில் அடுக்குமாடி: 1985-ன் ஸ்ட்ராட்டா சட்டம். அதைத் தாண்டினால் பிளாஸ்டிக் கூரைகளின் கீழே காய்கறி. அவற்றில் பல ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை, நம் ஆட்கள் டி.ஓ.எல். என்று சொல்வதை, நம்பி வளர்ந்தவை. 67-ஆம் பிரிவின்படி அந்த உரிமம் எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த டிசம்பரோடு முடியும். மற்றவருக்கு மாற்ற முடியாது. எடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்தது. மேலே பாசிக்காடு: காப்புவனம். இடையிடையே செமாய் கிராமங்கள்: 1954-ன் பூர்வகுடிச் சட்டமும், 1997-ல் ஜொகூர் ஆடோங் வழக்கும், 2002-ல் சிலாங்கூர் சாகோங் தாசி வழக்கும். அந்தக் கடைசி வழக்கில், சிப்பாங் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக வெளியேற்றப்பட்ட தெமுவான் மக்களுக்கு அவர்கள் நிலத்தின் மேல் உரிமை உண்டு, நஷ்டஈடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கோபால் ஸ்ரீராம் அதை உறுதிசெய்தார். பட்டா இல்லாதவருக்கும் உரிமை இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே இப்படி ஒரு வழி உண்டு.

இந்தச் சாலையில் பார்க்கிற எல்லாவற்றுக்கும் ஒரு நூல் விளக்கம் சொன்னால் அது பாஸ். அணையையும் அடுக்குமாடியையும் தேயிலை நிறுவனத்தையும் சொல்லிவிட்டு, லயத்தையும் காய்கறித் தோட்டத்தையும் கிராமத்தையும் தாண்டிக் கார் ஓட்டிக்கொண்டு போய்விட்டால், என் கணக்கில் அது அரைகுறை. மார்க் கொஞ்சம் குறையத்தான் போடுவேன். ஒருதலைப்பட்சம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

ஒருமுறை குழுவில் ஒரு சக ஆசிரியர் எதிர்த்தார். "தோட்டமே இல்லாமப் போயிட்டு வருதுங்க டாக்டர். இப்ப அங்க வேலை செய்றது வங்காளதேசத்துப் பசங்க. இதுக்குன்னு ஒரு அத்தியாயம் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். கொழுந்தைக் கையால் கிள்ளியது போய் இயந்திரத்தால் அறுக்கிறார்கள். இளையவர்கள் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஆனால் இடத்தை வங்காளதேசத்துக்காரர் பிடித்திருக்கிறார் என்றால், அந்த ஒரு வரியின் கீழே இப்போது அவர் குடியிருக்கிறார். சட்டத்துக்கு ஆள் மாறியதே தவிர நிலைமை மாறவில்லை. தோட்டம் மறையும்போதுதான் இந்தக் கேள்வி பெரிதாகிறது என்பதையும் வரலாறு காட்டுகிறது. 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதைப் பார்த்துத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கி, அவர்களையே தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களாக்கினார். கெடாவின் புக்கிட் சீடிம் அப்படி வாங்கிய தோட்டம். பிறகு நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவு சேர்ந்தது: 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைப் பலருக்குப் பிரித்து விற்க வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்தப் பிரிவை எல்லாப் பாடநூலும் சொல்லும். அது எந்தக் கண்ணீரிலிருந்து வந்தது என்று சொல்கிற நூலைத்தான் நான் தேடுகிறேன்.

பினாங்கின் கம்போங் புவா பாலாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரௌன் குடும்பத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாரிசுகள், மாடு வளர்த்துக்கொண்டு வாழ்ந்த தமிழ்க் கிராமம். நிலத்தை அந்தக் குடும்பம் தங்களுக்காக விட்டுச் சென்றது என்பது அவர்கள் வாதம். ஆனால் காலப்போக்கில் அவர்களுக்கு டி.ஓ.எல். கொடுக்கப்பட்டிருந்தது. அதை வாங்கிக் கட்டணமும் கட்டினால் நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வழக்கில் தோற்றார்கள். 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு காகிதத்தை வாங்குவதே உரிமையைக் கைவிடுவதாக எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். திருநெல்வேலி மாஞ்சோலையில் சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் கொடுத்த 99 வருடக் குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலிசெய்யச் சொன்னது. நான்கு தலைமுறை அங்கே பிறந்தவர்களின் வீட்டுக்கு ஆயுசு, அவர்கள் கையெழுத்துப் போடாத ஒரு குத்தகையின் கடைசித் தேதி. அந்தச் செய்தியை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். குத்தகை முடியும்போது அதன்மேல் நிற்கும் எல்லாச் சின்ன உரிமைகளும் கூடவே முடியும் என்ற விதியை அதற்கு முன் நான் பல வருடம் நடத்தியிருக்கிறேன். அன்றுதான் அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் என்னை வெறும் உணர்ச்சிக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல நிலச் சட்ட நூலுக்குப் படிவங்கள் வேண்டும். நிலம் கைமாறும் 14ஏ, அடமானத்துக்கு 16ஏ, தடைமனுவுக்கு 19பி, இவற்றைக் கண்ணால் பார்க்காமல் மூன்றாம் ஆண்டு முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிராண்டையே பார்க்காதவர்கள் அதைவிட அதிகம். என் முதல் வகுப்பில் ஒரு கிராண்டின் நகலை எல்லார் கையிலும் கொடுத்துவிடுவேன். மாவட்டம், முக்கிம், லாட் எண், பரப்பு, ஆண்டு வரி, நிலம் விவசாயமா கட்டடமா தொழிலா என்ற வகை, கீழே வெளிப்படையான நிபந்தனைகள், அதற்கும் கீழே மாநில அரசின் அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள், கடைசியில் உரிமையாளர் பெயர். இருபது வயதுப் பிள்ளைகள் அந்தத் தாளைப் புரட்டிப் பார்க்கும்போது பாதிப் பேர், எங்க வீட்டுக்கும் இது இருக்கா மேடம் என்று கேட்பார்கள். போய் அப்பாவிடம் கேளுங்கள் என்பேன். சிலர் அடுத்த வாரம் வந்து, இல்லையாம் என்று சொல்வார்கள். எனக்கு வேண்டிய பாடநூல் அந்தச் சிலருக்காகவும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அப்படி ஒரே நூல் இன்னும் என் கைக்கு வரவில்லை. ஆகவே உள்ளூர் நூலைப் பாடநூலாக வைத்துக்கொண்டு, கூடவே ஒரு கட்டுத் தாள் கொடுக்கிறேன்: ஷாக் வழக்கு, சாகோங் தாசி, புவா பாலா, 446-ஆவது சட்டம், டேவிட் வோங்கிலிருந்து சில பக்கங்கள். கட்டு வருடாவருடம் தடித்துக்கொண்டு போகிறது. குழுப் படிவத்தின் கடைசிக் கட்டமான மற்ற குறிப்புகளில் இந்த வருடம் முதன்முறையாக எழுதினேன்: தோட்டக் குடியிருப்புக்கு இந்த நூலில் ஒரு பத்தி மட்டுமே உள்ளது, அடுத்த பதிப்பில் ஒரு தனி அத்தியாயம் வேண்டும் என்று பதிப்பகத்துக்குத் தெரிவிக்கவும்.

நிலச் சட்டம் நடத்துகிற மற்றவர்களும், படிக்கிற பிள்ளைகளும் உங்கள் புத்தகத்தின் சொல்லடைவை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் தாத்தா பாட்டி குடியிருந்த வீடு அதில் இல்லை என்றால் பதிப்பகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். முகவரி முதல் பக்கத்திலேயே இருக்கும்.